ஆரணிக்குப் போயிருந்த பெண்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கூட்டம். வீடில்லாமல் திரியும் இளம்பிள்ளைகளுக்கான இல்லங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி. அனுபவசாலி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை இப்படி வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். சால்வை போர்த்திவிட்டால் அதிகம் பேசமாட்டோம் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு பெண் எழுந்து கேட்டாள். "போனே இல்லாத காலத்துல வீட்டுக்கு எப்படி மேடம் தகவல் சொன்னீங்க?"

"கார்டு போட்டோம்மா" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மேடையில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். திண்டிவனத்துக்கு வந்த முதல் வாரமே ஒரு பெண் என் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நோட்டில் இல்லை.

எங்களுக்கு இரண்டு வீடுகள். பையன்களுக்கு விழுப்புரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டி ஒன்று. பெண்களுக்குத் திண்டிவனத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு ஒன்று. விழுப்புரம் ஜங்ஷனில் எல்லாப் பக்கத்து வண்டியும் வந்து நிற்கும். வீட்டை விட்டு ஓடி வருகிற பிள்ளைகள் அங்கேதான் இறங்கும், அல்லது அங்கேயே தங்கிப்போகும். வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே போய்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பேன். அதுதான் வேலை, உட்கார்ந்திருப்பது. கூப்பிட்டால் ஓடிவிடுவார்கள். அடிக்கடி பார்த்த முகமாகிவிட்டால் அவர்களே பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

எங்கள் தலைவி ரெஜினா டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, வாரத்துக்கு ஒரு சிரிப்பு. பொய் என்றால் ஆகாது. சமையற்கார அம்மா பால் திரிந்துபோனதைப் பூனை மேல் போட்டதற்கு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தவர்.

ஆனால் புதிதாக ஒரு பெண் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். முதல் நாள் கேள்வியே கிடையாது. தலைக்கு எண்ணெய், வெந்நீர், சோறு, பாய். பெயர் கேட்டு என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார். ஒருத்தி அப்போது பிரபலமாயிருந்த சினிமா நடிகையின் பெயரைச் சொன்னாள். டீச்சர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அதையே எழுதி, மூன்று நாள் அதையே சொல்லிக் கூப்பிட்டார். நான்காம் நாள் அவளே வெட்கப்பட்டுச் சொந்தப் பெயரைச் சொன்னாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒரு முறம் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவார். அந்தப் பெண்ணும் எதிரே உட்கார்ந்து உரிக்க வேண்டும். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். ஏன் ஓடி வந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "உங்க வீட்டுல காலையில மொதல்ல யாரு எழுந்திருப்பாங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான். அம்மா எழுந்து சாணி தெளிப்பதில் தொடங்கி, அப்பா எந்தக் கையால் அடிப்பார் என்பது வரை தானாக வந்துவிடும். நானும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாதிதான் வரும். நான் முகத்தைப் பார்த்துவிடுவேன்.

ஊர் தெரிந்த அன்றைக்கே வீட்டுக்குக் கார்டு போட வேண்டும் என்பது இல்லத்தின் விதி. மூன்று வரி. தங்கள் மகள் எங்களிடம் நலமாக இருக்கிறாள். வந்து பார்க்கவும். கவலை வேண்டாம். கீழே இல்லத்தின் ரப்பர் ஸ்டாம்பு. ஒட்டிய கடிதமாக அனுப்பக் கூடாது, திறந்த கார்டுதான். "நமக்கு மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்பார் டீச்சர். அந்தக் காலத்துக் கிராமங்களில் கார்டு எப்படிப் போய்ச் சேரும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தபால்காரர் டீக்கடையிலோ கோயில் வாசலிலோ சைக்கிளை நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்தும் சொல்வார். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் அது.

அவளைச் செல்வி என்று சொல்கிறேன். அது அவள் பெயர் இல்லை. பனமலைப் பக்கம் ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் ஸ்டேஷனில் பெண்கள் தங்கும் அறை வாசலில் இருந்தாள். பள்ளிக்கூடத்து நீலத் தாவணி வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பதினாறு வயது. கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்து, அந்த அறையின் மூலையில் நான்கு மாதமாகப் படுத்திருக்கிறாள். பத்தாவது பரீட்சையில் தவறிவிட்டாள். அப்பா அடிப்பார் என்று பயந்து, மெட்ராஸ் போகலாம் என்று கிளம்பியவளுக்கு விழுப்புரத்தோடு தைரியம் தீர்ந்துவிட்டது. நான் ஏழெட்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, ஒருநாள் அவளாகவே என்னோடு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினாள். நானே தனியாகக் கொண்டு வந்த முதல் பெண். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊரை என்னிடம்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "லெட்டர் கிட்டர் போட்டுடாதீங்க அக்கா. கொஞ்ச நாள் போவட்டும், நானே போயிடறேன்" என்றாள்.

"பயப்படாதே, அப்பா அடிக்காம நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். விதி விதிதானே. டீச்சர் அன்று விழுப்புரம் போயிருந்தார். நானே உட்கார்ந்து கார்டு எழுதினேன். மூன்று வரியோடு நிறுத்தியிருக்கலாம். நான் பட்ட பாடு யாருக்காவது தெரிய வேண்டாமா? "நான்கு மாதமாக விழுப்புரம் ரயில் நிலையத்தில் ஆதரவின்றித் தங்கியிருந்த தங்கள் மகளை மீட்டு" என்று ஒரு வரி சேர்த்தேன். ஸ்டாம்பு குத்தி, நானே போய்ப் பெட்டியில் போட்டேன்.

ஆறாம் நாள் அவள் அப்பா வந்தார். கேட்டுக்கு வெளியே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் நிலம் வைத்து உழுது பிழைக்கிறவர். இவர் சத்தம் போடுவார், நான் பதில் சொல்ல வேண்டும் என்று தயாராகத்தான் போனேன்.

"எம் பொண்ணு சாப்ட்டுச்சாமா?" என்று கேட்டார்.

உள்ளே அழைத்தால் வரவில்லை. டீச்சரே வெளியே போனார். அந்த மனுஷர் இடுப்பிலிருந்து என் கார்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நாலாக மடித்திருந்தது.

"பொண்ணு காணாமப் போன அன்னிக்கே, அது ஆரணியில எங்க அக்கா வூட்டுக்குப் போயிருக்குதுன்னு ஊர்ல சொல்லிக்கினோம்மா. எங்க அக்காவும் ஆமான்னு சொல்லிக்கினு இருந்துச்சு. தேடாத எடமில்ல. ஆனா யாருக்கும் தெரியாமத்தான் தேடுனேன். அது என்னிக்கி வந்தாலும், அத்த வூட்லேர்ந்து வந்துச்சுன்னு உள்ள கூட்டிக்கலாம் இல்ல? பெரியவளுக்கு வேற கல்யாணம் பேசிக்கீது. இப்ப தபால்காரரு டீக்கடையில வச்சு நாலு மாசம் டேசன்ல இருந்துச்சுன்னு படிச்சுட்டாரும்மா. மாப்ள வூட்டு ஆளு ஒருத்தரு அங்கியே ஒக்காந்துக்கினு இருந்தாரு."

அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"இப்ப இத்த இட்டுக்கினு போனா பெரியவ கல்யாணம் நின்னுடும். வுட்டுட்டுப் போனா இவ அம்மா சாப்ட மாட்டா. நான் இன்னாமா பண்றது?"

டீச்சர் கார்டை ஒருமுறை படித்தார். என் பக்கம் திரும்பி, "கையெழுத்து அழகா இருக்கு" என்றார். முப்பது வருஷ வேலையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்த அளவுக்குச் சுட்டதில்லை.

செல்வி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்தாள். அடிப்பார் என்று அவள் பயந்த அப்பா அவள் தலையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "அக்கா கல்யாணம் ஆவட்டும்பா. நான் வரல" என்றாள் அவள். அவர் வந்த வழியே போனார்.

மறுநாள் காலை அவள் பாயில் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். விழுப்புரம் பஸ்ஸில், ஜன்னலோரமாக, இல்லத்துச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஏறியாகிவிட்டது. நான் உள்ளே ஏறி அவள் கையைப் பிடித்தேன். கடிக்கவில்லை, அழவில்லை. நிதானமாகப் பேசினாள்.

"நான் போயிடறேன் அக்கா. நீங்க இன்னொரு கார்டு போடுங்க. அது வேற பொண்ணுன்னு. நான் உங்ககிட்ட இல்லைன்னா அது நெசமாயிடும் இல்ல? அக்கா கல்யாணமும் ஆயிடும், நீங்களும் பொய் சொன்ன மாரி இருக்காது."

அந்தப் பெண் இரவெல்லாம் யோசித்திருக்கிறாள். தன் அக்காவுக்காகவும் எங்கள் டீச்சரின் மனசாட்சிக்காகவும் சேர்த்து யோசித்திருக்கிறாள். தன்னைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அவளை விழுப்புரத்துக்கு விட்டால் இந்தத் தடவை ஸ்டேஷன் மூலையோடு நிற்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கண்டக்டர் திட்டத் திட்ட அவளை இறக்கிக் கூட்டி வந்தேன்.

டீச்சரிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தோம். பண்ணினாரோ என்னவோ. வெளியே வந்தபோது கையில் ஒரு புதுக் கார்டும் பேனாவும் இருந்தன. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவது போலப் பெரிய எழுத்தில் எழுதினார். தபால்காரர் தடுமாறாமல் படிக்க வேண்டும் இல்லையா.

"சென்ற வாரம் எங்கள் இல்லத்திலிருந்து தங்களுக்கு வந்த கார்டு தவறாக அனுப்பப்பட்டது. அதில் சொல்லப்பட்ட பெண் தங்கள் மகள் அல்ல. அதே பெயருள்ள வேறு ஊர்ப் பெண். இங்குள்ள ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த இந்தப் பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்."

கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பை ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார். அந்தக் கார்டில் உண்மையான வரி, ஊழியரின் கவனக்குறைவு ஒன்றுதான்.

"டீச்சர், நீங்க..." என்று இழுத்தேன்.

"போய்ப் போட்டுட்டு வா" என்றார். "இந்தத் தடவை வழியில எதுவும் சேர்த்து எழுதாதே."

மூன்று நாள் கழித்துச் செல்வியை ஆரணிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வந்தவாசி வழி பஸ். அவள் ஆரணியையே சின்ன வயதில் ஒருமுறை பார்த்ததுதான். பதினைந்து நாள் அத்தையோடு இருந்துவிட்டு, நான்கு மாதமும் அங்கேயே இருந்தவளாக ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். அத்தை வீட்டில் காலையில் முதலில் யார் எழுந்திருப்பார்கள் என்று வழியெல்லாம் அவளிடம் நான் கேட்டுக்கொண்டே போனேன். தெரியாது என்றுதான் சொன்னாள். தெரிந்துகொள்ளப் பதினைந்து நாள் இருக்கிறது என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினோம். சொல்லி அனுப்பியிருந்தபடி அத்தை காத்துக்கொண்டிருந்தார். ஓடி வந்து கட்டிக்கொள்வார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "கடைக்குப் போயிட்டு வர இம்மா நேரமாடி ஒனக்கு? ஜல்தி வா, ஒல கொதிக்குது" என்றார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் போனாள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. நான் யார் என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று, அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் நம்பியதா? எனக்குத் தெரியாது. நம்பாதவர்களும் நம்பியதாகச் சொல்லிக்கொள்ள அந்தக் கார்டு போதுமாயிருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து அவள் அப்பா வந்தார். மறுபடியும் கேட்டுக்கு வெளியேதான். பெரியவள் கல்யாணம் முடிந்தது, சின்னவள் வீட்டில் இருக்கிறாள் என்றார். பிறகு டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இனிமே நான் வரமாட்டேன். நீங்களும் எங்க ஊரு பக்கம் வராதீங்க. எங்கியாச்சும் எதிர்ல பாத்தாக்கூட கண்டுக்காதீங்க."

"சரிங்க" என்றார் டீச்சர்.

வீட்டுக்குத் திரும்பிய பெண்ணை மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருஷம் முடிந்து என்று போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். அடி வாங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளா என்று கண்ணால் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. செல்வியை மட்டும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பனமலைப் பக்கம் வேறு வேலையிருந்தாலும் நான் சுற்றிக்கொண்டுதான் போவேன். டீச்சர் அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமை பூசையில் மனதில் பாவம் இருப்பவர் வாங்கக் கூடாத நற்கருணை அப்பத்தை வாங்க எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்து வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். என்னுடைய ஒரு வரிக்காக அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். இதை அவரிடம் கடைசிவரை நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அதற்கப்புறம் இல்லத்தில் கார்டு போடுவது நின்றது. முதலில் ஒருவர் நேரில் போய், மல்லாட்டை வாங்க வந்தவர் போலவோ வழி கேட்பவர் போலவோ விசாரித்து, அந்தப் பெண் எங்கே போயிருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வருவோம். அதற்குப் பிறகுதான் மற்றது. வீட்டுக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிற பொய் சில சமயம் அவளுக்காகத் திறந்து வைத்திருக்கிற கதவு. இப்போது போனில் போட்டோ எடுத்து, பத்து நிமிஷத்தில் பத்துக் குழுவுக்கு அனுப்புகிற பிள்ளைகளிடம் நான் சொல்ல நினைத்தது இதுதான். சால்வையோடு வந்துவிட்டேன்.

எண்பதுகள் முடிகிற சமயம். ஒரு வேலையாக விக்கிரவாண்டி போயிருந்தேன். திரும்ப விழுப்புரம் போக, திண்டிவனத்திலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறினேன். கம்பியைப் பிடிக்கவும் இடமில்லாத கூட்டம். பெண்கள் சீட்டில், மடியில் ஒரு வயசுக் குழந்தையோடு இருந்தவள் நிமிர்ந்தாள்.

செல்வி. சதை போட்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு.

நான் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் எழுந்து, என் தோளைப் பிடித்து அழுத்தி, அந்த இடத்தில் உட்கார வைத்தாள். "கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள்.

பக்கத்தில் இருந்த வயதான அம்மா அவளிடம் கேட்டார். "யாரு, தெரிஞ்சவங்களா?"

"இல்ல அத்தே. பாவம், வயசானவங்க நிக்கிறாங்களேன்னு" என்றாள்.

எனக்கு அப்போது முப்பத்தொன்று.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, "எம் மருமவ எப்பவும் இப்படித்தாம்மா. ஆரணியில அவங்க அத்த வூட்ல இருந்து பழகுன பொண்ணு. அதான் இந்த மரியாத" என்றார்.

செல்வியின் கை கம்பியில் இறுகியதை நான் பார்த்தேன். குழந்தை என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்கம்மா" என்றேன். "பாத்தாலே தெரியுது."

விழுப்புரத்தில் குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். வர்றேன் என்று சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் திரும்பிவிடக் கூடாதே என்று, கூட்டத்தில் அவள் தலை மறைகிறவரை நான் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.